முதல் வரியில் கெட்ட செய்தி

ஜூன் 7, புதன்

மதியத்துக்குள் மூன்று பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாயிற்று. கேன்டீனுக்குப் புதுப் பாத்திரம் கேட்டு ஒன்று, லீவு கேட்டு ஒன்று, ஹாஸ்டல் பெண்களின் குளியலறைக்குக் கதவு வைக்கச் சொல்லி ஒன்று. இந்த இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் நான் அலுவலக மேலாளர். ஆனால் கேட் வாட்ச்மேன் முதல் தோல் உரிக்கிற பெண்கள் வரை எல்லாருக்கும் நான் 'லெட்டர் அக்கா'. செல்வராணி என்று ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் எம்.டி. தமிழில்தான் வாசிப்பார், ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்க மாட்டார், முதல் வரியிலேயே கெட்ட செய்தியைக் கண்டால் தாளைத் தூக்கி எறிவார். இந்த மூன்றையும் அறிந்து எழுதுவதற்குத் தூத்துக்குடியில் என்னை விட்டால் ஆளில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என் டைரிதானே.

நாலு மணிக்கு மாசானம் வந்தான். கம்ப்ரசர் ரூம் ஆப்பரேட்டர், பதினாலு வருஷ சர்வீஸ், எட்டாம் வகுப்பு. குளிர் அறைகளுக்கெல்லாம் அம்மோனியா ஓட்டுகிறவன். அவன் உள்ளே வந்தாலே எனக்குத் தும்மல் வரும், சட்டையில் அந்த நெடி அப்படி ஊறிக் கிடக்கிறது. கட்டம் போட்ட நோட்டில் கிழித்த ஒரு தாளை நீட்டினான்.

அம்மோனியா மெயின் வால்வு ஒழுகுது.
இறுக்கி இறுக்கித்தான் ஓட்டுறேன், இனி இறுக்க எடமில்ல.
தடைக்காலம் முடியுற 14ம் தேதிக்குள்ள மாத்தணும்.
மாத்தாம ஓட்டுனா ஆள் சாகும்.
மாசானம், கம்ப்ரசர் ரூம்.

தலையில் அடித்துக்கொண்டேன். எம்.டி.க்கு இப்படியா எழுதுவார்கள்? வணக்கம் இல்லை, மரியாதை இல்லை, மூச்சு விடாமல் நாலு அடி. உட்காரச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தேன். முதல் பத்தி, சென்ற ஆண்டு ஏற்றுமதியில் கம்பெனி கண்ட வளர்ச்சி. இரண்டாம் பத்தி, பராமரிப்புக்கு நிர்வாகம் தரும் ஆதரவு. மூன்றாம் பத்தி: 'பிரதான வால்வில் சிறு அளவிலான தேய்மானம் காணப்படுகிறது. தற்போதைய நிலை அச்சப்படும்படி இல்லையெனினும், இயன்ற விரைவில் அதனை மாற்றுவது குறித்துத் தாங்கள் பரிசீலிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' நாலாம் பத்தி, நன்றி.

அவன் விரலை வைத்து வைத்து வாசித்தான்.

"எக்கா, நா எழுதுனது இதுல எங்க இருக்கு?"

"மூணாவது பாராவுல இருக்கு பாரு."

"ஆள் சாகும்னு எழுதிருந்தேன்லா?"

"அப்படில்லாம் எழுதக் கூடாது மாசானம். மெரட்டுத மாதிரி இருக்கும். அவருக்குப் பிரஷர் ஏறும்."

"பதினாலாம் தேதியையும் காணும். மீன்புடித் தடை முடிஞ்சு பதினஞ்சாம் தேதி போட்டெல்லாம் கடலுக்குப் போயிரும்க்கா. சரக்கு வந்துட்டுன்னா பொறவு மிஷின நிப்பாட்ட ஒரு பயலும் விட மாட்டான். இப்போ பாதி ரூமு காலியாக் கெடக்கு, இப்பதான் மாத்த முடியும்."

"தேதி போட்டா அது கட்டளை. ஆப்பரேட்டர் எம்.டி.க்கு கட்டளை போடுவியா? நா இருவத்திரெண்டு வருஷமா எழுதுதேன். எனக்குத் தெரியும், கையெழுத்தப் போடு."

போட்டான். 'ரொம்ப அழகா எழுதிருக்கியக்கா' என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஜூன் 8, வியாழன்

கடிதம் மேலே போய்விட்டது. ஜெனரல் மேனேஜர் கிறிஸ்துதாஸ் சார் வாசித்துவிட்டு, "லெட்டர்னா இது லெட்டர்" என்றார். சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. வாளியை வைத்திருக்கிறேன்.

ஜூன் 10, சனி

சூப்பர்வைசர்களுக்கு நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பு இன்று ஜோராகப் போயிற்று. 'அலுவலகத்தில் பேசுவதும் எழுதுவதும்' என்று தலைப்பு. மீட்டிங் ஹாலில் பன்னிரண்டு பேர். கடிதத்தில் ஒரு பொருளுக்கு மேல் போகாதே, பெயரையும் துறையையும் விடாதே என்றெல்லாம் நல்லதாகத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பிறகு மேலதிகாரிக்கு எழுதும் பக்குவத்துக்கு வந்தேன். கெட்ட செய்தி முதல் வரியில் வரக் கூடாது. பலகையில் அதைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

எப்படி எழுதக் கூடாது என்பதற்கு மாசானத்தின் சீட்டைக் காட்டினேன். அவன் பெயர் தெரியாமல் கீழே மடித்துக்கொண்டேன். எனக்கும் நாகரிகம் தெரியும். முன்னாலேயே சிவப்பு மையில் திருத்தம் போட்டு வைத்திருந்தேன். முதல் வரிக்குப் பக்கத்தில் 'எடுத்த எடுப்பிலேயே புகார்!', தேதிக்குப் பக்கத்தில் 'கட்டளைத் தொனி', கடைசி வரியை ஒரே கோடாக அடித்து 'பயமுறுத்தல், தவிர்க்கவும்'. மேலே தேதியும் போட்டேன், பாடக் குறிப்புகளுக்குத் தேதி போடுவது என் வழக்கம். தாள் கைமாறிப் போயிற்று. பேக்கிங் சூப்பர்வைசர் ராஜகனி வாசித்துவிட்டு, "ஏ, இது லெட்டரா, சாவுச் சீட்டா?" என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

வருகைத் தாளில் பன்னிரண்டு கையெழுத்தும் வாங்கி, சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து, வீட்டில் நீலக் கோப்பில் வைத்துவிட்டேன். அடுத்த வகுப்புக்கும் உதவும்.

ஜூன் 12, திங்கள்

எம்.டி.யின் குறிப்பு வந்தது: 'பார்த்தேன். அவசரமில்லை என்பதால் அடுத்த வருடத் தடைக்காலத்தில் செய்யவும்.' சின்னக் கையெழுத்து. கடிதத்தை எறியவில்லை, கடைசி வரை வாசித்திருக்கிறார். அதுவே பெரிது.

காலையில் பிளம்பருக்கு மெசேஜ் போட்டேன். 'குழாய் ஒழுகுது. தரையெல்லாம் தண்ணி. இன்னிக்கே வாங்க.' நான் டூட்டிக்குக் கிளம்புவதற்குள் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போய்விட்டான். நல்ல மனுஷன்.

ஜூன் 13, செவ்வாய்

மாசானம் கேன்டீன் வாசலில் மடக்கிக்கொண்டான்.

"எக்கா, என்ன சொன்னாவ?"

"அடுத்த தடைக்காலத்துல செய்யச் சொல்லிருக்காவ."

அவன் முகம் செத்துப் போயிற்று. "அடுத்த வருசமா? எக்கா, அது ஒரு மாசம் தாங்குமாங்கதே எனக்குச் சந்தேகமா இருக்கு. நா நேர்ல போயி எம்.டி. கால்ல விழுந்தாவது சொல்லிருதேன்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. முறையாகக் காகிதம் போயிருக்கிறது, முறையாகப் பதில் வந்திருக்கிறது. ஜி.எம்.மைத் தாண்டி நேரே போய் நின்றால் அவருக்குத்தானே தலையிறக்கம்? இனி இவன் கடிதம் எதுவும் மேலே நகராது. அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேஜைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சரிக்கா" என்று போய்விட்டான்.

ஜூன் 15, வியாழன்

போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. ஊருக்கே உயிர் வந்த மாதிரி இருக்கிறது. இனி அலுவலகத்தில் தலை நிமிர நேரமிருக்காது.

ஜூன் 19, திங்கள்

இன்றைக்கு எதுவும் எழுத முடியாது.

ஜூன் 20, செவ்வாய்

நேற்றுக் காலை பதினொன்று இருபது. நான் பில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மூக்கில் ஊசி குத்தியது மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரோ கிடந்து அலறினார்கள். சைரன் அதற்குப் பிறகுதான் அடித்தது.

மாசானம் கம்ப்ரசர் ரூமில் இருந்து வெளியே ஓடி வந்து கத்தினான். "வால்வு போயிட்டு! எல்லாரும் ஈரத் துணிய மூக்குல கெட்டுங்க! காத்து கடலுக்குப் போவுது, மேற்க ஓடுங்க, மேற்க!" அவ்வளவுதான். தோல் உரிக்கிற ஹாலில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பெண்களுக்கும் விளங்கிற்று. ஏப்ரனைத் தொட்டியில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். நானும் ஓடினேன்.

அவன் ஓடவில்லை. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே போனான். அந்த வால்வுக்கு முந்தின வால்வை அடைத்தால்தான் கசிவு நிற்கும், அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அடைத்துவிட்டான். தீயணைப்பு வண்டி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போது பார்த்தேன். முகம் வெந்திருந்தது. கண் இரண்டும் பால் மாதிரி வெளுத்திருந்தன. முப்பத்தொரு பெண்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எல்லாரும் பிழைத்துக்கொள்வார்களாம். மாசானத்துக்கு நுரையீரல் உள்ளே வெந்துவிட்டது என்கிறார் டாக்டர். குழாய் போட்டு மூச்சுக் கொடுக்கிறார்கள். பேச முடியாது.

சேலையை மூன்று தடவை துவைத்தேன், நெடி போகவில்லை.

ஜூன் 21, புதன்

பத்திரிகைக்காரர்களுக்குக் குறிப்பு எழுதச் சொன்னார் ஜி.எம். 'எதிர்பாராத விதமாகச் சிறு கசிவு ஏற்பட்டு, ஒரு சிலருக்கு அசௌகரியம் நேர்ந்தது. உடனடி நடவடிக்கையால் நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.' பத்து நிமிஷத்தில் முடிந்தது. யார் நடவடிக்கை எடுத்தது என்று எழுதவில்லை. முப்பத்தொன்று என்றும் எழுதவில்லை. "பிரமாதம்" என்றார்.

காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 23, வெள்ளி

போலீஸ் வழக்குப் பதிந்திருக்கிறது. கவனக்குறைவாக இயந்திரத்தை இயக்கியதாக மாசானத்தின் மேல். ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருக்கிறாராம். மூச்சுக்குழாயோடு கிடக்கிறவன் எங்கே ஓடப் போகிறான்?

கிறிஸ்துதாஸ் சார் கூப்பிட்டார். மாசானம் கடிதத்தைக் கோப்பில் இருந்து எடுத்து வரச் சொன்னார். மூன்றாம் பத்தியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இந்த ஒரு வரி போதும் செல்வராணிம்மா. 'அச்சப்படும்படி இல்லை'ன்னு ஆப்பரேட்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். பொறவு எம்.டி.க்கு அவசரம்னு எப்படித் தெரியும்?"

"சார், அந்த வரி வந்து..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

"நல்லா எழுதிருக்கிய. கம்பெனி பொழச்சுது."

வெளியே வந்து, டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன். காலையில் நிறையச் சாப்பிட்டிருந்தேன், அதனால் இருக்கும்.

ஜூன் 24, சனி

வகுப்பு இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். பாவ அறிக்கை ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். எல்லாரும் சேர்ந்து பொதுவாகச் சொல்வது எவ்வளவு வசதி. யார், எப்போது, யாருக்கு, என்ன செய்தோம் என்று ஒன்றுமே சொல்ல வேண்டாம். ஆமென் சொல்லிவிட்டு வந்து சாளை மீன் வாங்கினேன். ஆய்ந்து வைத்தேன், குழம்பு வைக்கப் பிடிக்கவில்லை, பூனைக்குப் போட்டுவிட்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

கம்பெனி சார்பில் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். முழுங்கவே முடியாதவனுக்கு ஆப்பிள். வாங்கிக்கொண்டு போனேன், என்ன செய்ய?

மாசானத்தின் பெண்டாட்டி பேச்சித்தாய் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், இரண்டு பிள்ளைகள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

"எக்கா, அவுக மேலயே கேசப் போட்டுருக்காவளாம். உள்ள போயி அடச்சது அவுகதான? இது என்னக்கா நியாயம்?"

நான் பழப் பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எழுத்து தெரியாது. ஆனா எங்கிட்ட எல்லாம் சொல்லிருக்காவ. வால்வு போவப் போவுதுன்னு எழுதிக் குடுத்தேன், லெட்டரக்கா அத அழகா அடிச்சு முதலாளிக்கு அனுப்பிருக்குன்னு அவ்வளவு சந்தோசமாச் சொன்னாவ. அந்த லெட்டர்ல எல்லாம் இருக்கும்லா? அதோட நகல் ஒண்ணு வாங்கிக் குடுங்கக்கா. கலெக்டர் கால்ல வச்சிருதேன். அது ஒண்ணுதான் அவுகளக் காப்பாத்தும்."

"பாக்கேன்" என்றேன்.

"மறந்துராதீயக்கா."

கண்ணாடி வழியாக மாசானத்தைப் பார்க்கச் சொன்னாள். கண்ணில் கட்டுப் போட்டிருந்தது. கை விரல்கள் மட்டும் படுக்கையில் அசைந்துகொண்டே இருந்தன, எதையோ திருகி இறுக்குகிற மாதிரி. பழப் பையை அங்கேயே பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 28, புதன்

உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். அலமாரி முழுக்கச் சுத்தம் செய்தேன். நீலக் கோப்பைத் தூசி தட்டி அதே இடத்தில் வைத்தேன். திறக்கவில்லை.

ஜூன் 30, வெள்ளி

ராஜகனியைத் தனியாகப் பிடித்தேன். குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு கிளாஸ்ல ஒரு சீட்டு காட்டுனேன்லா, நெனவிருக்கா?" என்று கேட்டேன்.

"எந்தச் சீட்டுக்கா?"

"நீதான் சாவுச் சீட்டுன்னு சொன்ன."

"நா அன்னைக்கு கிளாசுக்கு வந்தனா?"

"வருகைத் தாள்ல கையெழுத்து இருக்கு ராஜகனி."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "எக்கா, எனக்கு ரெண்டு பொட்டப் புள்ள இருக்கு. நா ஒண்ணையும் பாக்கல. நீங்களும் பாக்கலன்னு இருங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

மற்ற பதினோரு பேரையும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவர்களும் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி நடக்கிறார்கள். அவன் மேல் கோபப்பட்டுக்கொண்டே வீடு வந்தேன். எந்த வாயை வைத்துக்கொண்டு அவன் மேல் கோபப்படுகிறேன்?

ஜூலை 2, ஞாயிறு

விடியற்காலை நாலே முக்காலுக்கு மாசானம் செத்துப் போனான். நாற்பத்தொரு வயது.

ஜூலை 4, செவ்வாய்

அடக்கத்துக்குக் கம்பெனியில் இருந்து ஐந்து பேர் போனோம். மாலை வாங்கினது நான்தான். பேச்சித்தாய் அழுது தொண்டை கட்டிப்போய் இருந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "நகல் கெடச்சுதாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்த நேரத்திலும் அதைக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது.

மதியம் ஜி.எம். அறை. நாளை மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார். குற்றம் சாட்டப்பட்டவன் இறந்துவிட்டதால் சீக்கிரம் முடித்துவிடுவார்களாம். தப்பு அவனுடையது என்று எழுதி மூடிவிட்டால் கம்பெனிக்குத் தொல்லை இல்லை, எம்.டி.க்குத் தொல்லை இல்லை. நான் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலத்தை கிறிஸ்துதாஸ் சார் தானே அடித்து வைத்திருந்தார்.

'மாசானம் சொன்னதையே நான் கடிதமாக எழுதினேன். அவர் அவசரம் எதுவும் தெரிவிக்கவில்லை.'

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொந்தமாக எழுதி இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டே வாக்கியம், ஒரு சொல் மிச்சமில்லை. சுத்தமான, தெளிவான பொய். நான் எழுதினதில் பொய் என்று ஒரு சொல்லைக் கூடக் காட்ட முடியாது, ஆனால் அதுதான் ஆளைக் கொன்றது.

"நீங்களும் இதுல இருக்கிய, மறந்துராதிய" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார்.

ஜூலை 5, புதன்

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நீலக் கோப்பைத் திறந்தேன். கட்டம் போட்ட தாள், மாசானத்தின் குண்டு குண்டுக் கையெழுத்து, அதன் மேல் என் சிவப்பு மை. 10-6 என்று தேதி, பக்கத்தில் என் சுருக்கொப்பம். கடைசி வரியை நான் அடித்த கோடு அழுத்தமாக இருக்கிறது, பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அடித்த பிறகும் அதை வாசிக்க முடிகிறது.

பத்தாம் தேதியே இதை நான் படித்திருக்கிறேன் என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. பன்னிரண்டு பேர் பார்த்ததற்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி. அவனுக்கு இது விடுதலை. எனக்கு இது வேலை போவது, வழக்கு, இந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் போவது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, இந்த வேலையும் இந்தப் பெயரும்தான் இருக்கிறது.

சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தேன். பால் காய்ச்சினேன். பால் காய்ச்சுவதற்கு அந்தத் தாள் எதற்கு என் கையில் இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. ஒரு நிமிஷம் காஸ் நெடி. ஜன்னலைத் திறந்துவிட்டு வாசலுக்கே ஓடிவிட்டேன். இந்த ஒரு மூச்சு நெடிக்கே இந்தப் பாடு. அவன் அதற்குள் திரும்பி நடந்து போனான். அதை நினைத்து வாய்விட்டு அழுதேன், பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு முதல் தடவை.

ஜூலை 6, வியாழன்

விசாரணையை மீட்டிங் ஹாலில் வைத்திருந்தார்கள். என் வகுப்பு நடக்கும் அதே ஹால். பலகையில் என் எழுத்தை யாரோ அரைகுறையாக அழித்திருந்தார்கள், அடிக்கோடு மட்டும் பாக்கி. ஆய்வாளர் நடுவயதுக்காரர், வெற்றிலை பாக்கு போடும் வாய். எம்.டி.யும் ஜி.எம்.மும் அவருக்கு வலப் பக்கம். சூப்பர்வைசர்கள் சுவரோரமாக. பேச்சித்தாய் தன் அண்ணனோடு கதவுக்குப் பக்கத்தில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

ஜி.எம். கடிதத்தை வாசித்துக் காட்டினார். வளர்ச்சி, ஆதரவு, சிறு அளவிலான தேய்மானம், அச்சப்படும்படி இல்லையெனினும். என் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் என்ன வழவழப்பு! பேச்சித்தாய் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அண்ணனிடம், "என்ன போட்டிருக்கு?" என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

என்னைக் கூப்பிட்டு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. கைப்பையில் இருந்து என் தாளை எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒரே மூச்சில் எழுதியது.

மாசானம் வால்வு ஒழுகுகிறது, ஆள் சாகும் என்று ஜூன் 7ஆம் தேதி எழுதிக் கொடுத்தார்.
அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் எழுதினேன்.
நேரில் போய்ச் சொல்லக் கிளம்பியவரையும் நான் தடுத்தேன்.
அவர் எழுதியது இதோடு இருக்கிறது. சிவப்பு மை என்னுடையது.
செல்வராணி, அலுவலக மேலாளர்.

"செல்வராணிம்மா!" என்று கிறிஸ்துதாஸ் சார் எழுந்துவிட்டார். ஆய்வாளர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். என் தாளோடு பின் அடித்திருந்த வருகைத் தாளைப் புரட்டினார். பிறகு கட்டத் தாளைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"உங்க மை மேல இருக்கு, சரியாத் தெரியல. நீங்களே வாசிங்கம்மா."

வாசித்தேன். வகுப்பில் வாசித்தபோது எல்லாரும் சிரித்த அதே நாலு வரி. அம்மோனியா மெயின் வால்வு ஒழுகுது. இனி இறுக்க எடமில்ல. பதினாலாம் தேதிக்குள்ள மாத்தணும். கடைசி வரியில் என் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். ஆய்வாளர் காத்திருந்தார். "மாத்தாம ஓட்டுனா ஆள் சாகும்" என்று வாசித்து முடித்தேன்.

பேச்சித்தாய் எழுந்து நின்றாள்.

"அய்யா, இம்புட்டுதானா எழுதிருந்தாவ? இது எழுத்துத் தெரியாத எனக்கே வெளங்குதே."

எம்.டி. தண்ணீர் கேட்டார். ராஜகனி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ஆய்வாளர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் மெதுவாக வந்து, தாளைப் பார்த்து, "ஆமா சார், பாத்தேன்" என்றான். பிறகு இன்னொருவர். மூன்றாவது ஆளைக் கூப்பிடும்போது என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நாலு மணிக்கு எனக்குத் தற்காலிக வேலை நீக்க உத்தரவு வந்தது. வழக்கில் மாசானம் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர்கள் சேர்க்க ஆய்வாளர் போலீசுக்கு எழுதியிருக்கிறாராம். என் பெயரும் இருக்கும். இருக்க வேண்டியதுதான்.

கேட்டுக்கு வெளியே பேச்சித்தாய் நின்றிருந்தாள். அந்தச் சீட்டின் நகலை ஆய்வாளர் அவளுக்குக் கொடுத்திருந்தார். நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இது ஒங்க வீட்டுலதான் இருந்திச்சா?"

"ஆமா."

"நா ஆஸ்பத்திரில கேக்கும்போதும் ஒங்க வீட்டுலதான் இருந்திச்சா?"

"ஆமா."

"அப்போ அவுகளுக்கு உசுரு இருந்திச்சு. கண்ணு தெரியாட்டாலும் காது கேட்டுச்சு. கேசு இல்லன்னு நா காதுல சொல்லிருப்பேன்."

எத்தனையோ வார்த்தைகள் வாயில் வந்தன. சூழ்நிலை, நிர்ப்பந்தம், எதிர்பாராத விதமாக. ஒன்றையும் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருந்திச்சு பேச்சித்தாய். எம்பேரு போயிரும்னு பயந்தேன். அதான் மறச்சேன்."



"ம். இது வெளங்குது" என்றாள். நகலை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு, பஸ்சுக்காக ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.